விழுந்தால் நிற்கும்

கோணமேட்டில் முட்டாள்கள் யாரும் கிடையாது. கோணமேட்டுக்காரர்களே ஊர்க்கூட்டம் போட்டு, கை தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்து, அப்படித் தீர்மானம் செய்திருக்கிறார்கள். ஒரே ஒருத்தர் கை தூக்கவில்லை. விசாரித்ததில் அவருக்கு இரண்டு நாளாகத் தோள்பட்டை வலி என்று தெரிந்தது. ஆகவே இந்தக் கதையில் வருகிறவர்களை நீங்களும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. சொன்னதைச் சொன்னபடியே செய்கிற மனிதர்கள், அவ்வளவுதான்.

சீலாற்று அணை தேக்கி வைத்திருக்கும் தண்ணீருக்கு இந்தப் பக்கம் கோணமேடு, அந்தப் பக்கம் அக்கரைப்பட்டி. நடுவில் மூன்று மைல் தண்ணீர். கோணமேட்டு ஆண்கள் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவர்கள். பரிசல் என்பது மூங்கிலில் முடைந்த பெரிய வட்டக் கூடை. அதற்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. ஏறி உட்கார்ந்து துடுப்பைப் போட்டால் அது சுற்றிச் சுற்றி எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்க்கும். சேர்ந்த இடத்துக்கு வரத்தான் கிளம்பினோம் என்று சொல்லிக்கொண்டு இறங்குவது ஊர் வழக்கம்.

இந்த வழக்கத்தால் ரொம்ப அடிபட்டவன் ராக்கியப்பன். முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கக் கிளம்பி மூன்று தடவை வேறு வேறு ஊரில் போய் இறங்கி, முன்பின் தெரியாத வீடுகளில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினான். நாலாவது தடவை காற்று ஒத்துழைத்தது. அக்கரைப்பட்டிக் காளியண்ணன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தார்கள். பெண் பிடித்துப்போய், நிச்சயதார்த்தத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அன்றைக்கு வழி முழுக்கப் பரிசல் பம்பரமாய்ச் சுற்றியதில், தாம்பூலத் தட்டோடு இறங்கிய பன்னிரண்டு பேரும் வேலியோரம் வரிசையாக உட்கார்ந்து வாந்தி எடுத்தார்கள்.

அப்போது யாரும் சொல்லாமலே வீட்டுக்குள்ளிருந்து கல்யாணப் பெண் தெய்வானை வந்தாள். கையில் பாதி எலுமிச்சம்பழம். "மோந்து பாருங்க, நின்னுரும்" என்று ராக்கியப்பனிடம் நீட்டினாள். மோந்து பார்த்தான். வாந்தி நின்றது. தலைசுற்றல் மட்டும் ஊருக்குத் திரும்பி ஒரு வாரமாகியும் நிற்கவில்லை. அந்த எலுமிச்சை மூடியைத் தகரப்பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் பத்திரப்படுத்தினான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஒற்றைக்கட்டைதான் என்று முடிவு செய்துவிட்டான்.

காளியண்ணனும் அன்றைக்கே ஒரு முடிவு செய்தார்.

"கல்யாணத்தன்னிக்கும் இப்படி வந்து என்ற பந்தல்ல வாந்தி எடுக்கறதுக்கா? அதெல்லாம் ஆகாது. இஞ்சின் வெச்ச போட்டுல வாங்க. மாப்பிள்ளையே ஓட்டிக்கிட்டு வரட்டும், ஊரு பார்க்கட்டும். முகூர்த்தம் ஒம்பதுல இருந்து பத்தரை. பத்தரை தாண்டுச்சுன்னா என்ற அக்கா பையன் இருக்கறான், கரண்ட் ஆபீசுல லைன்மேன். பந்தலுக்கு சீரியல் லைட்டு போடறதே அவன்தான். ஏணியில இருந்து எறங்கினான்னா மாலையைப் போட்டுருவேன்!"

நல்ல காலம், கோணமேட்டு மீன்பிடிச் சங்கத்துக்கு அந்த மாதம்தான் ஒரு ஃபைபர் படகும் அதற்கொரு அவுட்போர்டு மோட்டாரும் ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கல்யாணம். திங்கட்கிழமை லாரியில் படகு வந்து இறங்கியது.

அதைப் பார்வையிட ராக்கியப்பனோடு மூன்று பெரிய தலைகள் வந்தார்கள். முதலாமவர் பொங்கியண்ணன், ராக்கியப்பனின் தாய்மாமன். ஊரில் யோசனை சொல்கிற பொறுப்பு அவருடையது. இரண்டாவது அய்யாவு, ராக்கியப்பனின் கூட்டாளி. ஒரு தடவை காதில் விழுந்ததை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வான். அர்த்தம் மட்டும் கூட வராது. மூன்றாவது சடையப்பன், ஆள் கனத்த சரீரம். தொப்பை தாங்காமல் அவர் வெள்ளைச் சட்டையில் வயிற்றுக்கு நேரே இருந்த பட்டன் தெறித்துப்போக, அவர் சம்சாரம் அந்த இடத்தில் கிடைத்த ஒரு சிவப்புப் பட்டனைத் தைத்து விட்டிருந்தாள்.

பொங்கியண்ணன் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"வட்டமாத்தான் செஞ்சிருக்கறாங்க. லாரியில வெச்சுக் கயித்தைப் போட்டு இறுக்கினதுல நசுங்கி நீளமாப் போயிருச்சு. பாவம்."

"திருப்பி வட்டமாக்கிரலாமுங்களா?" என்று சடையப்பன் சட்டையை மடித்துவிட்டார். நாலு பேரும் அரைமணி நேரம் இரண்டு முனையிலும் நின்று நெருக்கிப் பார்த்தார்கள். படகு மசியவில்லை. சரி, கல்யாண அவசரத்துக்கு நீளமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மறுநாள் டவுனிலிருந்து மெக்கானிக் ஜெரால்டு வந்தார். மோட்டாரை மாட்டிக் கொடுக்கத்தான் வந்தார். ஆனால் மோட்டார் ஏறிய லாரி வழியில் பஞ்சராகி நின்றுவிட்டது. அவருக்குத் திரும்பிப் போக ஒரே ஒரு பஸ். மனுஷர் காத்திருந்து காத்திருந்து, பஸ் ஹாரன் அடிக்கத் தொடங்கியதும் படபடவென்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. இஞ்சினைப் போட்டுக்குப் பின்னாடி மாட்டணும். விசிறிக்கு மேல ஒரு தகடு இருக்கும், அந்தத் தகடு போட்டோட அடிப்பக்கத்துக்கு ரெண்டு விரல் கீழ இருக்கணும். மேல ஏறினா விசிறி காத்தைத்தான் அடிக்கும். தண்ணி காட்டாம ஸ்டார்ட் பண்ணவே கூடாது, கருகிப்போயிரும். புது இஞ்சின், முதல் பத்து மணி நேரம் மெதுவாத்தான் ஓட்டணும். அப்புறம் சிவப்புக் கயிறு ஒண்ணு கூடவே வரும், இதுதான் ரொம்ப முக்கியம். அதை ஓட்டுறவங்க கையில கட்டிக்கணும். கயிறு கட்டினவங்க தண்ணியில விழுந்தா இஞ்சின் நின்னுரும்."

பெட்ரோலில் எண்ணெய் கலக்கிற வேலையை அவரே செய்து கேனில் ஊற்றி வைத்துவிட்டுப் போனார். அதனால் நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா என்ற விவாதம் மட்டும் கோணமேட்டில் நடக்காமல் போயிற்று.

மோட்டார் புதன்கிழமை காலையில் வந்தது. ராக்கியப்பனும் அய்யாவும் அதைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சுமை கொஞ்சநஞ்சமல்ல.

"எங்க மாட்டோணும்?" என்றார் பொங்கியண்ணன்.

"போட்டுக்குப் பின்னாடி மாட்டணும்," என்று ஒப்பித்தான் அய்யாவு.

"பின்னாடி எது?"

எல்லோரும் படகைப் பார்த்தார்கள். ஒரு முனை கூர்மையாக இருந்தது. ஒரு முனை பலகை மாதிரி தட்டையாக இருந்தது. பிறந்ததிலிருந்து பரிசலையே பார்த்தவர்களுக்கு இது புதுச் சிக்கல்.

"கூர்ப்பா இருக்கறதுதானுங்க பின்னாடி," என்றார் சடையப்பன். "மாட்டைப் பாருங்க. மூஞ்சி அகலம், வாலு கூர்ப்பு."

"எலிக்கு மூஞ்சி கூர்ப்புங்களே," என்றான் அய்யாவு.

"எலிக்கு வாலும் கூர்ப்புடா. எலியை இதுல சேர்க்கவே கூடாது."

பொங்கியண்ணன் கையை உயர்த்தி இருவரையும் அடக்கினார். படகின் நடுவில் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இப்ப நான் பார்க்கற பக்கம் முன்னாடி. என்ற முதுகுப் பக்கம் பின்னாடி. கொண்டு போய் மாட்டுங்க."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. ராக்கியப்பனும் அய்யாவும் மோட்டாரை அவர் முதுகுப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள். சரியாக மாட்டுகிறார்களா என்று பார்க்கப் பொங்கியண்ணன் திரும்பி உட்கார்ந்தார். பின்பக்கம் அந்தப் பக்கமாகப் போய்விட்டது. இவர்கள் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் மறுபடியும் திரும்பினார். இப்படி ஏழு தடவை. எட்டாம் தடவை ராக்கியப்பனுக்குக் கை மரத்துப்போய், கிடைத்த இடத்தில் மோட்டாரை வைத்துவிட்டான். அது தட்டைப் பலகை. மோட்டாரின் கொக்கி இரண்டும் அதில் கனகச்சிதமாக உட்கார்ந்துகொண்டன.

"மாட்டிக்கிச்சுங்க மாமா," என்றான்.

"அப்ப அதுதான் பின்னாடி. இதைத்தான் நான் முதல்ல இருந்தே சொல்லிக்கிட்டு இருக்கறேன்," என்றார் பொங்கியண்ணன்.

அடுத்தது தகடு. இரண்டு விரல் கீழே என்றால் யாருடைய விரல்? பொங்கியண்ணனின் விரல் முருங்கைக்காய், சடையப்பனின் விரல் வாழைப்பழம். கல்யாண விசேஷத்துக்குக் கஞ்சத்தனம் கூடாது என்று சடையப்பனின் விரலையே தேர்ந்தெடுத்தார்கள். அவர் குப்புறப் படுத்து இரண்டு விரலையும் இடுக்கில் வைத்தார். மோட்டாரை மேலே கீழே நகர்த்தி, விரல் சரியாகப் பொருந்தியதும் திருகாணியை முறுக்கினார்கள்.

"எடுத்துக்கலாமுங்களா?" என்றார் சடையப்பன்.

பொங்கியண்ணன் அய்யாவைப் பார்த்தார். "ரெண்டு விரல் கீழ இருக்கணும்," என்றான் அய்யாவு.

"இருக்கோணும்னு சொல்லியிருக்கறாரு. எடுக்கோணும்னு சொல்லலையே," என்றார் பொங்கியண்ணன்.

மத்தியானம் வரைக்கும் விரலோடு அங்கேயே கிடந்தார் சடையப்பன். சோற்றை ராக்கியப்பன்தான் ஊட்டிவிட்டான். வெள்ளிக்கிழமை இவரை எப்படி இந்தக் கோலத்தில் பந்தலுக்குக் கூட்டிப்போவது என்று அவனுக்குக் கவலை. பந்தலுக்கு வெளியே லைன்மேன் ஏணி மேல் உட்கார்ந்து காலாட்டுவது மனக்கண்ணில் தெரிந்தது. யோசித்து யோசித்துச் சட்டென்று எழுந்து வீட்டுக்கு ஓடினான். கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த விரலி மஞ்சளில் கொழுத்ததாக இரண்டு பொறுக்கி வந்தான்.

"மாமா, இதுவும் விரல்தானுங்களே?"

பொங்கியண்ணன் மஞ்சளை வாங்கி, முகர்ந்து, சடையப்பனின் விரலோடு வைத்து ஒத்துப் பார்த்தார். "விரலுக்கு விரலும் ஆச்சு, மங்கலத்துக்கு மங்கலமும் ஆச்சு," என்றார். சடையப்பனின் விரலை உருவிவிட்டு மஞ்சளைச் செருகிக் கட்டினார்கள். வீங்கிப்போன விரலுக்கும் கொஞ்சம் மஞ்சள் அரைத்துப் பூசினார்கள்.

சாயங்காலம் தண்ணீர் காட்டுகிற படலம். பொங்கியண்ணன் செம்பில் தண்ணீர் மொண்டு மோட்டாருக்கு முன்னால் நீட்டினார்.

"பார்த்துச்சா?"

"கண்ணு எங்க இருக்குதுன்னே தெரியலைங்களே," என்றான் அய்யாவு.

"புதுசு. வெட்கப்படுது," என்று சொல்லி, எல்லாப் பக்கமும் செம்பைக் காட்டினார். மோட்டார் பார்த்ததாகத் தெரியவில்லை. ராக்கியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க மாமா, மாட்டுக்குத் தண்ணி காட்டறோம். செம்பைத் தூக்கி ஆட்டியா காட்டறோம்? தொட்டியில ஊத்தி வெச்சாத் தானா வாயை வெக்குதில்ல?"

அன்றைக்கு அவனுக்குப் புத்தி கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தது. ஆசை இருந்தால் அப்படித்தான். மாட்டுத் தொட்டியை உருட்டி வந்து மோட்டாரின் கால் முங்குகிற மாதிரி வைத்தார்கள். தண்ணீர் ஊற்றி, கைநிறையப் புண்ணாக்கும் கரைத்தார்கள். தவிடு மட்டும் போடவில்லை. முதல் நாளே கனமான தீனி கொடுக்கக் கூடாது என்று சடையப்பன் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையே ஓட்ட வேண்டும் என்பது காளியண்ணன் சொல். ஆகவே சிவப்புக் கயிற்றின் ஒரு நுனியை மோட்டாரில் மாட்டி, மறுநுனியை ராக்கியப்பன் கையில் கட்டினார்கள். பிடியைச் சுண்டி இழுத்தான். மோட்டார் கர்ரென்று உயிர் பெற்றது. பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன ஓட்டை வழியாகப் புண்ணாக்குத் தண்ணீரை அய்யாவு முகத்தில் பீச்சி அடித்தது.

"குடிச்சதும் மூத்திரம் பேயுது. நல்ல சாதி," என்று சடையப்பன் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"சரி, நிறுத்து," என்றார் பொங்கியண்ணன்.

எப்படி நிறுத்துவது? அய்யாவு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒப்பித்தான். "கயிறு கட்டினவங்க தண்ணியில விழுந்தா இஞ்சின் நின்னுரும்."

அணைத் தண்ணீர் முப்பது அடி தள்ளி இருந்தது. கயிறோ மூன்று முழம். பக்கத்து வீட்டில் துணி ஊறிக்கொண்டிருந்த அண்டாவைத் தூக்கி வந்து அருகில் வைத்தார்கள். ராக்கியப்பன் குலசாமியைக் கும்பிட்டுவிட்டு அதில் விழுந்தான். கயிறு படக்கென்று பிடுங்கிக்கொண்டது. மோட்டார் நின்றது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். அவ்வளவு பெரிய இயந்திரம் மனுஷன் விழுந்ததற்கு மரியாதை கொடுத்து நின்றதே என்று பொங்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை முழுக்க விழுந்து பழகினான் ராக்கியப்பன். பக்கத்து வீட்டுத் துணி வெளுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் விடியும்போதே பரிசல்களில் கிளம்பிவிட்டார்கள். கடவுள் விட்ட வழி என்று எங்கேயாவது போய்ச் சேர்வார்கள். மீதிப் பேர் ஆரத்தி கரைத்துவைக்க ஊரிலேயே இருந்துகொண்டார்கள். ஏழரை மணிக்குப் படகில் நாலு பேரும் ஏறினார்கள். ராக்கியப்பன் பட்டுவேட்டி கட்டியிருந்தான். மணிக்கட்டில் கல்யாணக் காப்பு, அதற்குப் பக்கத்திலேயே சிவப்புக் கயிறு. தாலி பொங்கியண்ணன் மடியில் இருந்தது.

கிளம்பியதும் பொங்கியண்ணன் கேட்டார். "வேகத்தைப் பத்தி என்ன சொன்னாரு?"

"முதல் பத்து மணி நேரம் மெதுவாத்தான் ஓட்டணும்."

ராக்கியப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "பத்து மணி நேரமுங்களா? பொழுதே போயிருமுங்களே மாமா!"

"அவசரப்படாதடா. பத்து மணிங்கறது ஒரு நேரம். பதினோரு மணிங்கறது இன்னொரு நேரம். பத்து மணிங்கற நேரம் வர்ற வரைக்கும் மெதுவாப் போகோணும். அதுக்கு அப்பறம் உன்ற இஷ்டம்."

மெதுவாகப் போனார்கள். மெதுவென்றால் அப்படி இப்படி அல்ல. விடியற்காலை கிளம்பிய பரிசல்கள் இவர்களைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு போயின, திரும்பி வந்தன, மறுபடி தாண்டிப் போயின. மீன்கொத்தி ஒன்று படகு முனையில் உட்கார்ந்து சிறகு கோதியது. ஒன்பது மணிக்குப் பாதி வழி கூட வரவில்லை. ஒன்பதரைக்கு நாதஸ்வரம் காதில் விழுந்தது. ஒன்பதே முக்காலுக்குத் தூரத்தில் பந்தலின் சீரியல் விளக்குகள் அணைந்து அணைந்து எரிவது தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஏணி. ஏணியின் உச்சியில் ஒரு ஆள்.

"மாமா, கொஞ்சம் வேகமா விடட்டுங்களா? அந்தாளு ஒரு படி எறங்கிட்டான்!"

"சொன்னபடி செய்யோணும்டா. கருகிப்போச்சுன்னா?"

"எனக்கு இங்க நெஞ்சே கருகுதுங்களே!"

எலுமிச்சம்பழம் நீட்டிய அந்தக் கை இன்னும் அரைமணி நேரத்தில் வேறு ஒருத்தன் கைக்குப் போய்விடுமோ என்று நினைத்தால் அவனுக்கு அழுகை வந்தது. சடையப்பன் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். அய்யாவு ஏணியைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டாவது படி," என்றான். கொஞ்சம் பொறுத்து, "மூணாவது படி," என்றான்.

அணைக்கட்டில் பத்து மணிச் சங்கு ஊதியது. சங்கு வாயை மூடுவதற்குள் ராக்கியப்பன் பிடியை முழுசாகத் திருகினான். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. மீன்கொத்தி பறந்தது, பொங்கியண்ணனின் தலைப்பாகை பறந்தது, தேங்காய்த் தட்டு பறந்து சடையப்பனின் மடியில் உட்கார்ந்தது. கரை அவர்களை நோக்கி ஓடி வந்தது.

"விழு மாப்ளே, விழு!" என்று கத்தினான் அய்யாவு.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போகட்டும்!"

"பந்தலுக்குள்ள போயா விழுவே? விழுடா!"

ராக்கியப்பன் விழுந்தான். இரண்டு நாள் பழகினது வீண் போகவில்லை, மாலை கசங்காமல் விழுந்தான். மோட்டார் நின்றது. படகு வந்த வேகத்தில் சேற்றில் வழுக்கி ஏறி, பந்தல் வாழைமரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. நாதஸ்வரக்காரர் ஒரு நொடி மூச்சை நிறுத்திவிட்டு மறுபடி ஊதினார்.

தண்ணீர் சொட்டச் சொட்ட, காதில் பாசியோடு ராக்கியப்பன் கரையேறினான். மணி பத்தே கால். லைன்மேன் கடைசிப் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்தான். காளியண்ணன் எதிரே வந்து மாப்பிள்ளையைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஈரமா வந்திருக்கறீங்க?"

"இஞ்சினை நிறுத்தறதுக்கு விழுந்தேனுங்க மாமா."

காளியண்ணன் யோசித்தார். தலையாட்டினார். "ஆமா, பின்ன வேற எப்படி நிறுத்தறது?" என்று சொல்லிவிட்டு, லைன்மேனைப் பார்த்து ஏணியை மடிக்கச் சொன்னார். அக்கரைப்பட்டியிலும் முட்டாள்கள் கிடையாது என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

மணவறையில் பக்கத்தில் உட்கார்ந்ததும் தெய்வானை முந்தானைக்குள்ளிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். "தலை சுத்துதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லீங்க. நேரா வந்தேனுங்க," என்றான் ராக்கியப்பன். முப்பத்து மூன்று வருஷத்தில் அவன் அவ்வளவு சந்தோஷமாக எதையும் சொன்னதில்லை. பத்து இருபதுக்குத் தாலி ஏறியது.

கல்யாணத்துக்கு அழைத்திருந்ததால் பந்தியில் மெக்கானிக் ஜெரால்டும் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை நனைந்த கதையைக் கேட்டதும் அவருக்கு ரசம் புரையேறியது. "ஐயோ, கயிறு ஆபத்துக்குங்க! சும்மா நிறுத்தறதுக்கு சிவப்பா ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினாப் போதும், நின்னுரும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்லீங்க," என்று குறைப்பட்டார் பொங்கியண்ணன். அய்யாவு அதையும் மனப்பாடம் செய்துகொண்டான்.

சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் கோணமேட்டுக்குக் கிளம்பினார்கள். பத்து மணி எப்போதோ தாண்டிவிட்டதால் படகு பறந்தது. எதிர்க்கரையில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்பது தெரிந்தது.

"சிவப்பா ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினாப் போதும், நின்னுரும்," என்றான் அய்யாவு.

எல்லோரும் சிவப்புப் பட்டனைத் தேடினார்கள். கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். சடையப்பனின் தொப்பை மேல் இருந்தது.

பொங்கியண்ணன் அதை அமுக்கினார். படகு நிற்கவில்லை. "நல்லா அமுக்குங்க," என்று அய்யாவும் சேர்ந்து அமுக்கினான்.

"பாயசம் மேல வருதுங்க," என்றார் சடையப்பன்.

கரை நெருங்கிவிட்டது. மோதாமல் இருக்க ராக்கியப்பன் படகை வளைத்தான். மறுபடி நெருங்கியது, மறுபடி வளைத்தான். படகு கரையோரத்து ஆழத்தில் வட்டம் போடத் தொடங்கியது. "இப்பத்தான் பரிசல் மாதிரி ஒழுங்காப் போகுது," என்று பொங்கியண்ணன் திருப்திப்பட்டார். ஆறாவது வட்டத்தில் எல்லோருக்கும் தலை சுற்றியது. தெய்வானை எலுமிச்சம்பழத்தை வரிசையாக ஒவ்வொருத்தர் மூக்கிலும் காட்டிக்கொண்டு வந்தாள்.

"மெக்கானிக் பந்தியில பேசினது சரியில்லை. முதல்ல சொன்னதுதான் சரி," என்றார் பொங்கியண்ணன். "அதைச் சொல்லு."

"கயிறு கட்டினவங்க தண்ணியில விழுந்தா இஞ்சின் நின்னுரும்."

ராக்கியப்பன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். "இருடா," என்று தடுத்தார் பொங்கியண்ணன். அவர் பார்வை ராக்கியப்பனின் மணிக்கட்டிலிருந்த சிவப்புக் கயிற்றிலிருந்து, தெய்வானை கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றுக்குப் போயிற்று.

"ஒரு ஆளுன்னா கட்டினவன்னு சொல்லியிருப்பாரு. கட்டினவங்கன்னு சொல்லியிருக்கறாரு. இப்ப கயிறு ரெண்டு பேருக்கு இருக்குது. ரெண்டு பேரும் விழுந்தாத்தான் நிக்கும்."

ராக்கியப்பன் பதறிப்போய்த் தெய்வானையைப் பார்த்தான். "உங்களுக்கு நீச்சல் தெரியுங்களா?"

"தெரியுங்க," என்றாள் தெய்வானை, சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டே. "விழறது எனக்கொண்ணும் புதுசு இல்லீங்க. எங்கூர்ல மினிபஸ்ஸையே முன்னாடி விழுந்துதான் நிறுத்துவோம்."

ராக்கியப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்தது இவளுக்காகத்தான் என்று தோன்றியது. இருவரும் கையைக் கோத்துக்கொண்டு படகின் விளிம்புக்கு வந்தார்கள்.

"தாயி, ஒரு நிமிஷம்!" என்று கத்தினார் பொங்கியண்ணன். "நம்மூருக்கு முதல் முதல்ல வர்றே. வலது காலை எடுத்து வெச்சு விழு!"

தெய்வானை வலது காலை எடுத்து வைத்து விழுந்தாள். கூடவே ராக்கியப்பன் விழுந்தான். மோட்டார் நின்றது. கரையில் நின்ற பெண்கள் முறை தவறக் கூடாதென்று கழுத்தளவு தண்ணீரில் இறங்கி வந்து, மேலே தெரிந்த இரண்டு தலைகளுக்கும் மூன்று சுற்று ஆரத்தி சுற்றினார்கள்.

சிவப்புக் கயிறு மாட்டாமல் மோட்டார் கிளம்பாது. அது ராக்கியப்பனோடு போய்விட்டதால், படகிலிருந்த மூன்று பேராலும் மோட்டாரைக் கிளப்ப முடியவில்லை. காற்று தள்ளத் தள்ளப் படகு நிதானமாகச் சுற்றிச் சுற்றிப் போய், நன்றாக இருட்டிய பிறகு காளியண்ணன் வீட்டுக்கு முன்னால் கரை தட்டியது. இங்கே வரத்தான் கிளம்பினோம் என்று சொல்லிக்கொண்டு மூன்று பேரும் இறங்கினார்கள். பஜ்ஜி நன்றாக இருந்ததாம்.